அரிவாள் எழுதும் தீர்ப்பு

அம்பத்தூர்க் கடைவீதி பட்டப்பகலில் அடைபட்டுக் கிடந்த நாளொன்று இன்றும் என் கண்முன் நிற்கிறது. 2014ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், இந்து முன்னணியின் திருவள்ளூர் கிழக்கு மாவட்டத் தலைவர் சுரேஷ்குமார், அம்பத்தூரில் தமது அலுவலகத்தருகே வெட்டிச் சாய்க்கப்பட்டார். மறுநாள் கடைத்தெருவில் கதவு திறந்த கடையைத் தேடவேண்டியிருந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு மாணவன். எனக்குப் பக்கத்து இடத்தில் அமரும் தோழன் அன்று பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவன் தந்தை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தொழிலாளி. ஐந்து வேளைத் தொழுகையும் எட்டு மணி நேர உழைப்புமாக வாழ்ந்தவர். சுரேஷ்குமார் என்பவரைச் சுவரொட்டியில் கண்டதன்றி வேறு அறியாதவர். ஆயினும் அவர் துணைவியார் மகனை வாசற்படி தாண்டவிடாமல் ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்திருந்தார். அவன் திரும்பி வந்தபோது நான் காரணம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மார்க்கத்தின் காவலர் என்று தமக்குத்தாமே பட்டம் சூட்டிக்கொண்ட ஒரு கும்பலே இதைச் செய்தது என்பது காவல்துறை தொடுத்த வழக்கு. அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் சிலரின் பெயர் பின்னர் இன்னொரு வழக்கிலும் வந்தது. 2020 ஜனவரி 8ஆம் நாள், குமரி மாவட்டத்துக் களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்டாரே, அந்த வழக்கு.

சுரேஷ்குமாரின் அரசியல் நமக்கு உடன்பாடானதா? இல்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரது கொள்கையை எதிர்த்து அம்பத்தூரிலேயே மேடை போட்டிருப்போம். அவர் பேச, நாம் மறுக்க, கேட்போர் தேர்ந்துகொள்ள, அப்படித்தான் நடந்திருக்கவேண்டும். ஒருவர் வாயை அரிவாளால் அடைத்துவிட்டால், அவருக்கு நாம் தரவிருந்த மறுப்பும் அத்துடன் செத்துப்போகிறது. எதிரியின் பிணத்தைப் பார்த்து, "ஒருவன் குறைந்தான்" என்று எண்ணுகிறவன் பகுத்தறிவாளன் அல்லன்; அவனும் அந்தக் கும்பலின் மனத்தில் பாதியை வாங்கிக்கொண்டவன்.

நம் பகுதியில் இன்னோர் இடமும் உண்டு. பூந்தமல்லி. வெடிகுண்டு வழக்குகளுக்கென அமைந்த சிறப்பு நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது, கம்பிவலை அடித்த காவல்துறை வண்டிகள் உள்ளே போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது? குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உண்டு. அவர்மீது சொல்லப்படும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை உண்டு. வாய்தா உண்டு, ஜாமீன் மனு உண்டு, மேல்முறையீடு உண்டு. வறியவர் என்றால் அரசே வழக்கறிஞரை அமர்த்தும். இத்தனையும் அவருக்கு இருக்கவேண்டும். ஓர் எழுத்தும் குறையக்கூடாது. விசாரணைக் கைதியாகவே ஆண்டுகள் பல கழிக்கும் முஸ்லிம் இளைஞர்களுக்காக நாம் குரல் கொடுப்பதும் இதனால்தான். ஆனால் வெட்டுண்டவனுக்கு எந்த வாய்தா கிடைத்தது? "நீ சொன்னதன் பொருள் இதுதானா?" என்று ஒரு கேள்வியாவது கேட்டார்களா? குற்றப்பத்திரிகை வாசிப்பவன் அவனே, சாட்சியும் அவனே, நீதிபதியும் அவனே, தண்டனையை நிறைவேற்றுகிறவனும் அவனே! பிறருக்கு மறுத்த நீதியைத் தமக்கு வேண்டுமென்று கேட்டுத்தான் ஒவ்வொரு நாளும் அந்த வண்டியிலிருந்து இறங்குகிறார்கள்.

இந்த முறையின் கொடுமையை முழுதாகக் காணவேண்டுமானால் கோவைக்குப் போகவேண்டும்.

பாரூக், உக்கடத்துக்காரர். பழைய இரும்பு வணிகம். வயது 31. திராவிடர் விடுதலைக் கழகத்தின் தோழர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, படித்தும் கேட்டும் கடவுள் மறுப்பாளரானவர். அதை ஒளிக்காமல் முகநூலில் எழுதினார். வாட்ஸ்அப் குழுவில் வாதிட்டார். கடவுள் இல்லை என்று எழுதிய அட்டையைத் தம் குழந்தையின் கையில் கொடுத்துப் படமெடுத்து வெளியிட்டார். இவ்வளவே அவர் செய்த "குற்றம்". 2017 மார்ச் 16ஆம் நாள் இரவு, தொலைபேசி அழைப்பொன்று வந்து வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. வெட்டுப்பட்டுக் கிடந்தார். மறுநாளே ஒருவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். பிறர் அடுத்தடுத்துப் பிடிபட்டனர்.

தோழர்களே! கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர்! ஊருக்கு ஊர் பெரியார் சிலையின் பீடத்தில் அந்தச் சொற்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நம்மில் பலர் வீட்டில் பெற்றோருடன் பிணங்கியிருப்போம். உறவினர் திருமணத்துக்கு அழைக்காமல் விட்டிருப்பர். அதற்குமேல் நாம் கொடுத்த விலை என்ன? அதே சொல்லை பாரூக் சொன்னபோது மட்டும் ஏன் உயிர் விலையாயிற்று? சொல் ஒன்றுதான். சொன்னவர் பிறந்த வீடு வேறு. "அவன் எங்களவன், எங்களவனை நாங்கள் தண்டிப்போம்" என்னும் உரிமை கொண்டாடலே அந்தக் கத்தியின் கைப்பிடி. முஸ்லிமாகப் பிறந்தவன் முஸ்லிம் காவலரின் உடைமை என்று அவர்கள் கருதுகிறார்கள். அடிமையை ஆண்டான் கொல்லலாம் என்ற பழைய சட்டத்துக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

அந்தக் கொலையைப் பல இஸ்லாமிய அமைப்புகள் கண்டித்தன. இதை நம் ஏடுகள் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, பாரூக்கின் தந்தை பேசினார். அவர் இறைநம்பிக்கை உள்ளவர். மகனின் கொள்கையில் அவருக்கு உடன்பாடில்லை. ஆயினும், கடவுளை மறுத்ததற்காக என் மகனைக் கொன்றார்கள் என்றால், அவன் இருந்த இயக்கத்தில் நானும் சேருவேன் என்ற பொருள்பட அவர் அறிவித்தார். அடுத்த மாதம், 2017 ஏப்ரல் 13ஆம் நாள், பாகிஸ்தானத்து மர்தானில் மஷால் கான் என்னும் மாணவனை, இறைநிந்தனை செய்தான் என்ற பொய்ப் பழியின்மேல் சக மாணவர் கூட்டமே பல்கலைக்கழக வளாகத்தில் அடித்துக் கொன்றது. அங்கும் தந்தைதான் முன்னின்று நீதி கேட்டார்; 2018இல் ஒருவருக்குத் தூக்கும் ஐவருக்கு ஆயுளும் பலருக்குச் சிறையும் தீர்ப்பாயின. நாம் ஆயிரம் கட்டுரை எழுதினாலும் இந்த இரு முதியவர்கள் சொன்னதன் எடைக்கு வராது. ஏனெனில் "எங்களவன்" என்று கும்பல் கொண்டாடிய உரிமையைப் பெற்ற தந்தையே வந்து மறுத்துவிட்டார். "என் மகன். அவனுக்குத் தண்டனை வழங்க நீ யார்?" என்பதன்றோ அதன் பொருள்!

நான் ஆசிரியன். ஆகையால் இன்னொரு நிகழ்ச்சி என்னை வேறுவிதமாகத் தாக்குகிறது. கேரளத்தில், தொடுபுழைக் கல்லூரி ஒன்றில் மலையாளப் பேராசிரியராக இருந்தவர் டி. ஜே. ஜோசப். 2010இல் உள்தேர்வுக்கு ஒரு வினாத்தாள் எழுதினார். நிறுத்தற்குறி இடுவதற்காகக் கொடுத்த உரையாடல் ஒன்றில், கடவுளோடு பேசும் பித்தனுக்கு ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் நபிகளின் பெயராக இருந்தது. அவ்வளவுதான்! அவ்வாண்டு ஜூலை 4, ஞாயிறு. தேவாலயத்திலிருந்து குடும்பத்தாருடன் காரில் திரும்பியவரை மூவாற்றுப்புழையில் மறித்து, எழுதிய வலக்கையை வெட்டி எறிந்தார்கள். மருத்துவர்கள் அந்தக் கையைத் திரும்பப் பொருத்தினர். கல்லூரி என்ன செய்தது தெரியுமா? அவரை வேலையை விட்டு நீக்கியது. வெட்டியவன் ஒரு தண்டனை. வேலை கொடுத்தவன் இன்னொரு தண்டனை. 2015இல் 13 பேரும், 2023இல் 6 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. குற்றவாளிகள் பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்பைச் சார்ந்தவர்கள். அந்த அமைப்பு 2022 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது.

அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுத உட்காரும்போது எனக்கு அவர் நினைவு வருகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் எந்தப் பெயரைப் போடலாம், எதை விடலாம் என்று என் பேனா ஒரு நொடி தயங்குகிறது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: கந்தன், கமலா என்று எழுதிவிட்டுப் போவதே எளிதாக இருக்கிறது. அப்படி எழுதும்போது என் வகுப்பிலுள்ள முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்கள் வினாத்தாளிலிருந்தே மறைந்துபோகின்றன. மூவாற்றுப்புழையில் ஓங்கிய கோடரி ஆவடிப் பள்ளிப் பிள்ளையின் பெயரை அழிக்கிறது. இதைத்தான் அந்தக் காவலர்கள் "சமுதாயத் தொண்டு" என்கிறார்கள்!

இனி நம்மை நாமே பார்ப்போம். இத்தகைய கொடுமைகளைப்பற்றி நடக்கும் பொதுவிமர்சனம் எப்படி இருக்கிறது? மிக மோசமாக இருக்கிறது என்றே சொல்வேன். பாரூக் கொலையுண்டதும், வாழ்நாளெல்லாம் நாத்திகரை நாக்கூசாமல் ஏசிவந்த சனாதனக் கூட்டம் திடீரென்று கண்ணீர் வடித்தது. பாரூக்மீது அவர்களுக்குப் பரிவா? புனேயில் 2013இல் நரேந்திர தபோல்கர், கோலாப்பூரில் 2015இல் கோவிந்த் பன்சாரே, தார்வாடில் அதே ஆண்டு கல்புர்கி, பெங்களூரில் 2017 செப்டம்பரில் கௌரி லங்கேஷ் எனத் தோட்டாக்கள் ஒவ்வொருவராகத் தேடிக் கொன்றபோது அந்தக் கண்கள் ஈரமாகவில்லையே! அவர்களுக்கு பாரூக் ஒரு மனிதரல்லர். ஒரு சமுதாயத்தையே குற்றக்கூண்டில் ஏற்ற அகப்பட்ட சாட்சி. அந்தக் கண்ணீர் உலருமுன்பே, தெருமுனைப் பிரியாணிக் கடைக்காரரையும் என் தோழனின் தந்தையையும் கொலைகாரராக்கிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கும்பல் "எல்லா முஸ்லிம்களும் எங்கள் பின்னால்" என்று பொய் சொல்கிறது. சனாதனி "ஆம், ஆம்" என்று அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறான்.

மறுபக்கம், நம்மவர்களின் மௌனம். "இது நேரமல்ல", "எதிரிக்கு ஆயுதமாகிவிடும்", "சிறுபான்மையினர் ஏற்கெனவே நெருக்கப்படுகிறார்கள்." இவை பொய்யான கவலைகள் அல்ல. இழிவு நீங்க இஸ்லாத்தைத் தழுவலாம் என்று பெரியார் சொன்னதும், மீலாது விழா மேடைகளில் பெரியாரும் அண்ணாவும் ஏறிப் பேசியதும் நம் இயக்கத்தின் வரலாறு. அந்த நட்பு பெருமைக்குரியது. அதனாலேயே நம் பேனா சில இடங்களில் மை வற்றிப்போகிறது. ஆனால் கேட்கிறேன்: எந்தச் சிறுபான்மையைக் காக்க மௌனமாக இருக்கிறோம்? உக்கடத்தில் கேள்வி கேட்ட பாரூக்கும் சிறுபான்மையினர்தாமே? சிறுபான்மைக்குள் தனித்து நின்ற சிறுபான்மை அன்றோ அவர்? பெரிய கூட்டத்தின் அச்சத்தைப் போக்க, அந்தத் தனி மனிதனைக் கைவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பா? இந்துவாகப் பிறந்தவனுக்கு மட்டும் பகுத்தறிவு, முஸ்லிமாகப் பிறந்தவனுக்கு மௌலவியே போதும் என்று நாம் பங்கு பிரித்துக் கொடுத்தால், அது நட்பல்ல. அவன் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது.

"இது இஸ்லாமே அல்ல" என்று முடித்துவிடுவோர் வேறொரு வகையினர். மார்க்கத்தில் கட்டாயம் கூடாதென்னும் வசனம் குர்ஆனில் உண்டு என்று காட்டுவர். உண்டுதான், அதை அவர்கள் தொழுகைக்கு வருவோரிடம் சொன்னால் நாம் கைதட்டுவோம். எது உண்மையான இஸ்லாம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. கொன்றவன் எந்த நூலை எப்படிப் படித்தான் என்பதைவிட, கொல்வதற்கு முன் அவனைச் சுற்றியிருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு முதன்மை. அரிவாள் தனியாகக் கிளம்புவதில்லை; முதலில் ஏச்சு, பிறகு விலக்கு, பிறகே வெட்டு.

விலக்கு என்றதும் தக்கலை நினைவுக்கு வருகிறது. கவிஞர் எச். ஜி. ரசூல் அவ்வூரினர். பீர்முகம்மது அப்பா அடங்கிய, ஞானப்பாடல் மணக்கும் ஊர் அது. 2000இல் வெளிவந்த அவரது "மைலாஞ்சி" தொகுப்பில், பெண்ணின் வினாவைப் பேசிய வரிகளுக்காக எதிர்ப்பு எழுந்தது. 2007இல், குடிப்பழக்கமும் இஸ்லாமும் பற்றி ஏடொன்றில் எழுதிய கட்டுரைக்காக ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. ஊர்விலக்கம் செய்தோர் கத்தி எடுத்தவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஊர்விலக்கத்தின் பொருள் என்ன? நன்மையிலும் தீமையிலும் யாரும் வாசலுக்கு வரக்கூடாது. மையம் விழுந்தால் அடக்க இடம் கேட்டு நிற்கவேண்டும். கட்டுரைக்குக் கட்டுரையன்றோ மறுமொழி! கல்லறை இடத்தை மறுமொழியாகக் கொடுப்பது எந்த ஊர் இலக்கணம்? ரசூல் ஊரைவிட்டு ஓடவில்லை, இஸ்லாத்தைவிட்டும் ஓடவில்லை. உள்ளிருந்தே எழுதி, 2017 ஆகஸ்டில் மறைந்தார். அவருக்காகத் தமிழ் எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். ஆனால் அக்குரல் சிற்றேடுகளைத் தாண்டிப் பொதுமேடைக்கு வரவில்லை. நம் மேடைக்கும் போதிய அளவு வரவில்லை.

இப்படி உள்ளிருந்து கேட்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. "தாருல் இஸ்லாம்" ஏட்டை நடத்திய பா. தாவூத்ஷா, குர்ஆனைத் தமிழில் விளக்கி எழுதியவர், மூடப்பழக்கங்களைச் சாடியவர். உலமாக்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அவரும் விடாமல் திருப்பி எழுதினார். பேனாவும் பேனாவும் மோதின, மை சிந்தியது, 1969 வரை வாழ்ந்து முதுமையில் இறந்தார். அந்தக் காலத்தில் இருந்த இடம் இந்தக் காலத்தில் ஏன் சுருங்கியது?

சுருக்கியவர்கள் காவலர்கள்தாம். 1992 டிசம்பர் 6இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. முஸ்லிம் இளைஞர் நெஞ்சில் எரிந்த தீக்கு நியாயம் இருந்தது. அந்தத் தீயைக் காட்டித்தான் 1993இல் அல்-உம்மா பிறந்தது: "அரசு காக்காது, நாங்கள் காக்கிறோம்." காத்த கதையைக் கோவையில் கேளுங்கள். 1997 நவம்பர் 29இல் செல்வராஜ் என்னும் காவலரைக் குத்திக் கொன்றார்கள். அடுத்த நாள்களில் கலவரக் கும்பலும் காவல்துறைத் துப்பாக்கியும் 18 முஸ்லிம்களின் உயிரைக் குடித்தன. அது தனியொரு பெருங்குற்றம், இன்றும் நெஞ்சு கொதிக்கும் குற்றம். அதற்குப் "பழி" என்று 1998 பிப்ரவரி 14இல் கோவை நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர், இருநூற்றுக்கு மேற்பட்டோர் படுகாயமுற்றனர். கூடையில் பூ விற்றவள், மருத்துவமனைக்கு வந்தவன், கடைக்கு வந்தவன் இவர்களா மசூதியை இடித்தார்கள்? அதன்பின் உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் வீடு வீடாகச் சோதனை. முஸ்லிம் கடையில் வாங்காதே என்ற பரப்புரை. முகவரியைச் சொன்னால் வேலை இல்லை என்ற நிலை. காவலர் என்று வந்தவர்கள் காத்தது எதை? அம்பத்தூரில் என் தோழன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கழித்த அந்த ஒரு வாரமும் அவர்கள் அளித்த காவலின் பயன்தான்.

எனவே, நாம் பேசவேண்டிய முறை இது என்று எனக்குப் படுகிறது: செயலைச் சொல், செய்தவனைச் சொல், செய்தவன் சொல்லும் காரணத்தைப் பிட்டுவை, அவன் பிறந்த தெருவைச் சொல்லாதே. தபோல்கருக்கு எழுதிய அதே பேனாவால், அதே சூட்டில், பாரூக்குக்கும் எழுது. ஒன்றுக்குச் சிவப்பு மையும் மற்றதற்கு வெள்ளை மையும் வேண்டாம். உள்ளிருந்து பேசுகிற முஸ்லிம் தோழர் வந்தால் அவருக்கு ஒலிபெருக்கியைக் கொடு. அவர் பேசியபின் வீடு போய்ச்சேரும் வரை கூட நட. நம்மில் பலர் முதலாவதைச் செய்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஆவடிப் படிப்பு வட்டத்தில், வரும் மார்ச் 16 அன்று பாரூக் நினைவுக் கூட்டம் நடத்த முடிவு செய்தோம். என் பழைய பள்ளித் தோழனைப் பார்க்கப் போனேன். தந்தையின் லேத் இன்று அவன் கையில். கை மசகைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். 2014இல் கேட்காத கேள்வியை அன்றுதான் கேட்டேன். அந்த ஒரு வாரம் வீட்டுக்குள் என்ன செய்தாய் என்று. "ஜன்னலையும் சாத்திட்டாங்க. அத்தா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவரைக்கும் அம்மா தூங்கமாட்டாங்க" என்றான். பிறகு, "அந்தக் கூட்டத்துல மத்த நாலு பேரைப்பத்தியும் பேசுவீங்களா?" என்று கேட்டான். பேசுவோம் என்றேன். "சுரேஷ்குமாரை?" என்றான். ஒரு கணம் தயங்கி, அவரைப்பற்றியும் பேசுவோம் என்றேன். வருகிறேன் என்றான், ஆனால் துண்டறிக்கையில் தன் பெயர் வேண்டாம் என்றான்.

துண்டறிக்கை அச்சகத்துக்குப் போய்விட்டது. பேச்சாளர் வரிசையில் மூன்றாம் இடத்தில் பெயரில்லாமல், "தொழிற்பேட்டைத் தோழர் ஒருவர்" என்று மட்டும் போட்டிருக்கிறோம்.